வக்கீல் வேலை பொய் வேலையா?



அமெரிக்காவில் வாழும் நம் ஊர்க்காரர் ஒருவர் அண்மையில் நம்மை அலைபேசியில் அழைத்தார். அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகள் சட்டப் படிப்பை முடித்திருக்கிறாள். ஏழைகளின் குடியேற்ற வழக்குகளைக் கட்டணமின்றி நடத்தும் ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் சேரப் போகிறாளாம். "ஹஜ்ரத், வக்கீல் வேலை என்றாலே பொய். அதிலும் இது சம்பளம் குறைந்த இடம். நாளை மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் என்ன சொல்வேன்? மார்க்கத்தை எடுத்துச் சொல்லி அவளைத் தடுங்கள்" என்றார்.

மார்க்கத்தை எடுத்துச் சொன்னோம். ஆனால் அவர் எதிர்பார்த்த மார்க்கம் அதில் இல்லை. இதே எண்ணம் நம் குடும்பங்கள் பலவற்றில் வேரூன்றியிருப்பதால் அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறோம்.

முதலில், 'வக்கீல்' என்பதே அரபுச் சொல். நாம் அன்றாடம் ஓதும் அல்லாஹ்வின் திருநாமங்களுள் 'அல்வகீல்' ஒன்று. 'வக்காலத்து' என்று நீதிமன்றத்தில் சொல்கிறோமே, அது நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமாகவே உள்ள 'வகாலத்'. வழக்காடுவதற்கு ஒருவரைப் பொறுப்பாளராக நியமிப்பதும் அப்பாடத்தில் அடங்கும். மத்ரஸாவில் இதை மாணவர்களுக்கு நடத்திவிட்டு, வீட்டில் 'வக்கீல் என்றாலே பொய்' என்று சொல்வது நமக்குப் பொருந்துமா?

அடைக்கல வழக்கு ஒன்றும் நம் வரலாற்றுக்குப் புதிதன்று. மக்காவில் கொடுமை தாங்க முடியாமல் முஸ்லிம்கள் அபிசீனியாவுக்குச் சென்றபோது, அவர்களைத் திருப்பி அனுப்பக் கோரி குறைஷிகள் இருவரைப் பரிசுப் பொருள்களுடன் நஜாஷி மன்னரிடம் அனுப்பினர். அரசவையில் ஒருபுறம் செல்வாக்கும் பரிசும். மறுபுறம் வீடிழந்து வந்த ஒரு கூட்டம். அக்கூட்டத்தின் சார்பில் எழுந்து பேசியவர் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி). ஏன் ஊரை விட்டு வந்தோம், அங்கே என்ன நேர்ந்தது என்பதை ஒழுங்காக எடுத்துரைத்தார். மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய கேள்வி எழுந்தது. மன்னர் கிறித்தவர், ஒரு சொல்லை மழுப்பினால் ஆபத்து நீங்கியிருக்கும். என்ன நேர்ந்தாலும் அல்லாஹ்வும் ரஸூலும் சொன்னதையே சொல்வது என்று அவர்கள் முடிவெடுத்தனர். உண்மை சொன்னார்கள்; அடைக்கலமும் பெற்றார்கள். வக்கீல் பொய் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பவர்களுக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுமா?

இன்று அமெரிக்காவில் நிலை என்ன? குற்ற வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசே வழக்கறிஞரைத் தரும். நாடுகடத்தும் வழக்கில் தராது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசின் செலவில் இல்லை என்பது அந்நாட்டுச் சட்டம். சிறுவர்களுக்கும் இதே விதிதான். எதிரே அரசின் வழக்கறிஞர் நிற்பார். தீர்ப்பளிக்கும் குடியேற்ற நீதிபதியோ நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர். அடைக்கல விண்ணப்பத்தைப் பொதுவாக வந்த ஓராண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். சான்றுகள் அனைத்தும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். மொழி தெரியாத ஒரு விதவை, ஊரில் தன் கணவர் கொல்லப்பட்டதை மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்லச் சொல்ல, நாளும் இடமும் பிசகாமல் அதை வாக்குமூலமாக எழுதுவதே அந்த அலுவலகத்தில் நடக்கும் வேலை. ஒரு தேதி மாறினாலும் 'இவள் சொல்வது பொய்' என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆகவே அங்கே உண்மையைக் காப்பதுதான் வக்கீலின் தொழிலே.

"நம் மக்களுக்கு மட்டுமா அவள் வாதாடப் போகிறாள்? மாற்று மதத்தவருக்கும் அல்லவா?" என்றும் அந்தத் தந்தை கேட்டார். ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நினைவூட்டினோம். யமனிலிருந்து வந்த அந்நிய வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு மக்காவின் பெரிய மனிதர் ஒருவர் விலை தர மறுத்தார். அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று அங்குள்ள நல்லோர் உறுதி பூண்டனர். நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் அதில் பங்கேற்றார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அதற்கு அழைக்கப்பட்டால் செல்வேன் என்றார்கள். தாயிஃபிலிருந்து திரும்பியபோது நபியவர்கள் மக்காவுக்குள் நுழைந்தது, இணைவைப்பவரான முத்இம் இப்னு அதீயின் பாதுகாப்பில்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

அண்மைக் காலத்தையும் பாருங்கள். 2017 ஜனவரி 27, ஒரு ஜும்ஆ நாள். ஏழு முஸ்லிம் நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் நுழைய அதிபர் தடை விதித்தார். விமானத்தில் இருந்தவர்கள் இறங்கியதும் தடுத்து வைக்கப்பட்டனர். விமான நிலையத் தரையில் மடிக்கணினியோடு அமர்ந்து மனு எழுதிய வழக்கறிஞர்களில் முஸ்லிம் அல்லாதோர் ஏராளம். மறுநாள் இரவே நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பத் தடை விதித்தது. அன்று நம் சகோதரர்களுக்காக அவர்கள் உறக்கம் துறந்தார்கள். நாமோ நம் பிள்ளைகளை அந்த வேலைக்குப் போகாதே என்கிறோம்.

சம்பளம் குறைவுதான், மறுக்கவில்லை. பெரிய நிறுவன வழக்கறிஞரின் ஊதியத்தோடு ஒப்பிட முடியாது. ஆயினும் இலாப நோக்கற்ற இடங்களில் பணியாற்றுவோர் 120 மாதத் தவணைகளைச் செலுத்தினால் அரசுக் கல்விக் கடனின் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் அங்கே 2007-இல் சட்டமானது. பட்டினி கிடக்கும் வேலையன்று அது. நம்மை வருத்துவது வேறொன்று. வட்டி வங்கிக்கு மென்பொருள் எழுதும் மகனைப் பற்றி எந்தத் தந்தையும் நம்மிடம் மார்க்கச் சட்டம் கேட்டதில்லை. சம்பளம் பெரிதாக இருந்தால் எழாத ஹராம் பற்றிய கேள்வி, சம்பளம் சிறிதானதும் எப்படி எழுகிறது? நம் மனக்கணக்குக்கு மார்க்கத்தைச் சாட்சியாக அழைக்க வேண்டாம்.

அந்த மகளுக்கும் ஒரு சொல் உண்டு. மோசடிக்காரர்களுக்காக வழக்காடுவதைக் குர்ஆன் தடுக்கிறது. கவசத்தைத் திருடிவிட்டுப் பழியை ஒரு யூதர் மீது போட்டவனை, அவனுடைய கூட்டத்தார் காப்பாற்ற முயன்றபோது, அந்த யூதர் குற்றமற்றவர் என்பதை வஹீ வெளிப்படுத்தியது. நாவன்மையால் பிறர் உரிமையைப் பெறுபவர் நெருப்புத் துண்டையே பெறுகிறார் என்றும் நபியவர்கள் எச்சரித்தார்கள். எனவே கட்சிக்காரர் கண்ணீர் விட்டாலும் ஒரு பொய்யைச் சேர்க்காதே, மகளே. இல்லாத காயத்தை எழுதாதே. இருக்கும் காயத்தை விட்டுவிடாதே. அவர்களுடைய கதை உன்னிடம் அமானத்.

பெற்றோர்களே! வளைகுடா விசா என்று ஏமாற்றிய தரகர்களிடம் நகையும் நிலமும் இழந்த குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் எத்தனை! அன்று ஒரு நேர்மையான வக்கீல் நம் வீட்டில் இல்லையே என்று கலங்கினோமல்லவா? அப்படி ஒருத்தி இன்று நம் வீட்டில் உருவாகியிருக்கிறாள். அவளைத் தடுத்தால் நாளை மஹ்ஷரில் அநீதி இழைக்கப்பட்டவர்கள் நம் சட்டையைப் பிடிப்பார்களோ என்று அஞ்சுகிறோம்.

அந்தத் தந்தை இன்னும் பதில் சொல்லவில்லை. துஆச் செய்கிறோம், நீங்களும் செய்யுங்கள். நம் பிள்ளைகளை உண்மைக்கும் நீதிக்கும் துணை நிற்போராக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.