ஒரு சோறு பதமாகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (புள்ளியியல்)

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. புள்ளியியலின் முதற் பாடமே இதுதான் என்று எண்ணிக்கொண்டு இக்கல்லூரியில் கால் வைத்தவன் நான். பானை நிறைய இருப்பது முழுமைத் தொகுதி. அகப்பையில் எடுத்து நசுக்கிப் பார்ப்பது கூறு. இதில் என்ன கடினம் இருக்கிறது?

கடினம் உண்டு என்பதைச் சென்ற ஆண்டு செய்த ஒரு சிறு ஆய்வு எனக்கு உணர்த்தியது. நம் கல்லூரி மாணவர்கள் வகுப்பு முடிந்தபின் எத்தனை மணி நேரம் படிக்கிறார்கள் என்று கண்டுவரும்படி எங்களைப் பணித்தார்கள். ஒரு நாள் மாலை நூலகத்தில் அமர்ந்து, அங்கு வந்த 40 பேரைக் கேட்டேன். சராசரி மூன்றரை மணி நேரம்! பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "நாலேகால் பஸ்ஸில் போனவர்களை யாரப்பா கேட்டது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாள்தோறும் அந்த பஸ்ஸில் போகிறவர்களில் நானும் ஒருவன். நான் எடுத்த கூறில் எனக்கே இடமில்லை!

ஒரு சோறு பதமாவது ஏன்? உலை கொதிக்கிறது, அரிசி மேலும் கீழும் புரள்கிறது. எந்தச் சோறு அகப்பையில் வந்தாலும் அது மற்றவற்றைப் போன்றதே. மனித சமுதாயம் அப்படிக் கலந்த பானையன்று. நூலகத்தில் அமர்பவர் ஒரு பக்கம். பஸ் பிடிக்க ஓடுபவர் ஒரு பக்கம். மாலையில் கடையில் வேலை பார்ப்பவர் ஒரு பக்கம். மேலாக அள்ளினால் மேலே இருப்பதுதான் வரும்.

"40 போதாது, 400 பேரைக் கேட்டிருக்கலாம்" என்று சில நண்பர்கள் சொன்னார்கள். அதே நூலகத்தில் 400 பேரைக் கேட்டாலும் தவறு தவறுதான். 1936-இல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். குடியரசுத் தலைவர் தேர்தலில் வெல்லப்போவது யார் என்று அறிய, 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. சுமார் 24 லட்சம் பேர் விடை எழுதினர். லாண்டன் வெல்வார் என்றது இதழ். வென்றவரோ ரூஸ்வெல்ட்! 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். ஏறத்தாழ 50,000 பேரைக் கொண்டே ஜார்ஜ் காலப் என்பவர் ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகச் சொல்லியிருந்தார்.

இதழ் இடறியது எங்கே? முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்தும் எடுத்தது. பொருளாதார மந்தத்தால் நாடு வாடிய அந்நாளில் அவ்விரண்டும் ஏழையிடம் ஏது? அட்டை பெற்றும் விடை எழுதாத சுமார் 76 லட்சம் பேரின் மனமும் தெரியவில்லை. 24 லட்சம் குரல் கேட்ட இதழுக்கு அந்த மௌனம் கேட்கவில்லை.

சரியான வழி நம் வயற்காட்டிலேயே இருக்கிறது. நெல் விளைச்சலை மதிப்பிட நடக்கும் பயிர் அறுவடைச் சோதனையில், எந்த வயல் என்பதையும், வயலில் எந்த இடம் என்பதையும் சமவாய்ப்பு எண்களே முடிவு செய்கின்றன. கண்ணால் தேர்ந்தெடுத்தால் கை செழித்த கதிரை நோக்கித்தான் போகும். வரப்போரத்துச் சாவியை விட்டுவிடும். வங்காளத்துச் சணற்பயிரைக் கூறெடுத்து மதிப்பிட்ட மகலனோபிஸ் போன்றோர் நம் நாட்டுக்கு இந்த ஒழுங்கைக் கற்றுத் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தேர்வாகும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதே அதன் உயிர்.

இப்பாடம் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவதில்லை. ஊருக்குப் போனால், "படிக்கணும்னு நெனச்சா யாரும் படிக்கலாம், இவனைப் பாருங்க" என்று பெரியவர்கள் என்னைக் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதில் அவர்களுக்குப் பெருமை. ஆனால் என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அனைவருமன்றோ முழுமைத் தொகுதி! செங்கல் சூளைக்குப் போனவனையும், தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவளையும் விட்டுவிட்டு, எஞ்சியவனை மட்டும் காட்டுவது நான் நூலகத்தில் செய்த அதே பிழை. அவர்களுக்கு நினைப்பு இல்லாமற் போகவில்லை. வாய்ப்புத்தான் இல்லாமற் போயிற்று.

ஆகவே நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே! இனி நம் கல்லூரியில் பஸ் வசதிக்கோ நூலக நேரத்துக்கோ மாணவர் கருத்தைக் கேட்கும்போது, முன்வந்து பேசுகிறவர்களை மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். வருகைப் பதிவேட்டை எடுத்து, சமவாய்ப்பு எண்களால் பெயர்களைத் தேர்ந்து, அன்று வராதவரையும் மறுநாள் தேடிப் பிடித்துக் கேட்போம். 50 பேரானாலும் போதும்.

எந்த முடிவைக் கண்டாலும் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று வினவுகிறோம். யாரைக் கேட்கவில்லை என்று வினவுவதே புள்ளியியல் கற்றவனுக்கு அழகு. பானையைக் கிளறிவிட்டுச் சோறு எடுப்போம்!