வருஷத்துக்கு 120 ரூபாய்

போன மாதம் டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பழைய கூட்டாளி ஒருவரைப் பார்த்தேன். திருவொற்றியூரில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். நான் ரிட்டயர் ஆகி 14 வருஷம் ஆகிறது. அவர் போன வருஷம்தான் ஆனார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே தனியார் காப்பீட்டு ஏஜென்ட் கொடுத்த காகிதங்கள்.

"அண்ணே, பிரீமியத்தை நான் கட்டுறேன்னு பையன் சொல்றான். அவன் சம்பளமே இருபதாயிரம். வீட்ல அவ சுகர் மாத்திரையப் பாதியா உடைச்சுப் போட்டுக்கறா. என்ன பண்றதுன்னே தெரியல."

"ஏம்ப்பா, இ.எஸ்.ஐ. என்ன ஆச்சு?"

"அதான் வேலையோட முடிஞ்சுபோச்சே!"

இதே பதிலை நம் பக்கத்தில் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பேன். முடியவில்லை, நண்பர்களே. குறைந்தது 5 வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்தோ வி.ஆர்.எஸ். வாங்கியோ வெளியே வந்தவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஒரு வருஷத்துக்கு 120 ரூபாயை முன்கூட்டியே கட்டினால், அவருக்கும் அவர் மனைவிக்கும் வைத்தியம் உண்டு. நான் அப்படித்தான் கட்டி வருகிறேன். ரிட்டயர் ஆன அன்று யூனியன்காரர் ஒருவர் காதில் போட்டார். கம்பெனியில் மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மற்ற திட்டங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எது யாருக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகன் சம்பளத்தைச் சேர்த்தால் கூட்டாளி அதைத் தாண்டிவிடுகிறார். மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பு இல்லை, வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் 70 வயது ஆகியிருக்க வேண்டும். எனக்குப் பொருந்தும், 60 வயதுக்காரருக்குப் பொருந்தாது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவரும் இதற்கு மனுச் செய்யலாம். சேரப்போகும் ஆஸ்பத்திரி இந்த அட்டையை எடுத்துக்கொள்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். 14555 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

இந்த இரண்டு அட்டையும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும். நம் வயதில் பணத்தைத் தின்பது மாதாமாதம் வாங்கும் மாத்திரை. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் டாக்டரும் பார்ப்பார், மாத்திரையும் கிடைக்கும். காத்திருக்கத்தான் வேண்டும். நமக்கு வேறென்ன அவசரம்?

தனியார் பாலிசியும் எடுக்கலாம். 65 வயதுக்கு மேல் புது பாலிசி இல்லை என்ற கதை 2024 ஏப்ரலோடு போய்விட்டது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு 3 வருஷம் வரை காத்திருக்க வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. சுகரை மறைத்துக் கையெழுத்துப் போட்டால் பிறகு கிளெய்ம் போய்விடும். ஏஜென்ட் "எழுத வேண்டாம்" என்றாலும் நீங்கள் எழுதுங்கள்.

என் கருத்து இதுதான். செட்டில்மென்ட் செக்கோடு இந்த இ.எஸ்.ஐ. விண்ணப்பத்தையும் தொழிலாளி கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வேலை செய்த காலமெல்லாம் சம்பளத்தில் பிடித்தார்கள். வெளியே போகும்போது உரிமை என்ன என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாதா?

மறுநாளே இருவரும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போனோம். ரிட்டயர்மென்ட் லெட்டர், பழைய இ.எஸ்.ஐ. அட்டை, ஆதார் எல்லாம் அதே பிளாஸ்டிக் கவரில். பணம் கட்டிவிட்டு வெளியே வந்தவர் ரசீதை இரண்டு முறை படித்தார்.

"அண்ணே, இதுக்கா ஒரு வருஷமா மாத்திரைய உடைச்சா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டு பீரோவில் பழைய இ.எஸ்.ஐ. அட்டை கிடந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.