ஒரு வளவில் இரண்டு வீடு

பழையதை விடவும் மனமில்லை. புதியதை நம்பவும் துணிவில்லை. வீட்டுக் கணினி விஷயத்திலே பல குடும்பங்கள் இன்று நிற்கும் நிலை இதுவேயாகும். விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆந் திகதியோடு நின்றன. தனியே பதிவுசெய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை கொடுப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு மாறினால் தகப்பனாருடைய கணக்கு மென்பொருள் இயங்குமோ, பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளையின் குறிப்புகள் அழிந்துபோகுமோ என்ற அச்சம் ஒருபுறம். மாறாவிட்டால் ஆபத்து மறுபுறம்.

இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள முடியாதா என்று வாசகர் கேட்கலாம். முடியும். ஒரு வளவுக்குள்ளே வேலி அடைத்து இரண்டு வீடு கட்டிக்கொள்வதைப் போன்றது அது. படலை மாத்திரம் ஒன்றே. கணினி விழித்தெழும்போது, எந்த வீட்டுக்குப் போகிறீர் என்று படலையில் வைத்துக் கேட்கும். ஒன்றினுள் நுழைந்தால் மற்றையது பூட்டியிருக்கும். இரண்டும் ஒரே வேளையில் இயங்குவதில்லை.

இது புதிய வித்தையன்று. 1995இல் விண்டோஸ் 95 வெளிவந்தபோதே, பழைய எம்.எஸ்.டொஸ் பதிப்பையும் விடாமல் வைத்திருந்தோர், கணினி தொடங்கும் வேளையில் எப்4 விசையை அழுத்திப் பழையதை எழுப்பினார்கள். பின்னர் விண்டோஸ் விஸ்டா வந்த காலத்தில் வேறொரு சிக்கல் தோன்றியது. விஸ்டாவை முதலில் நிறுவி, அதன்பின் அதற்கு முந்திய எக்ஸ்பியை நிறுவியவர்கள் விஸ்டாவினுள் நுழைய முடியாமற் போயிற்று. காரணம் எளிது. எக்ஸ்பி பழைய தச்சன். புதிய வீடு ஒன்று இருப்பதை அறியாமல், தன் வீட்டுக்கு மாத்திரம் வழிவிடும் படலையைப் போட்டுவிட்டது. ஆகவேதான் பழையதை முதலில் நிறுவி, புதியதைப் பின்னர் நிறுவுக என்னும் விதி உண்டாயிற்று. புதியது பழையதை அறியும். பழையது புதியதை அறியாது. வீட்டிலே விண்டோஸ் 10 ஏற்கெனவே இருந்தால் இந்த வரிசை தானாகவே அமைந்துவிடும்.

எனினும் இரண்டு வீடு எதற்காக என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எமது அபிப்பிராயத்தில் இதற்குத் தக்க காரணம் ஒன்றே: மாறும் காலத்துக்கான பாதுகாப்பு. பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கும் மாணவன் பழகிய இடத்திலேயே படிக்கட்டும். புதியதை ஓய்வு வேளையிற் சோதித்துப் பார்க்கட்டும். அச்சியந்திரமும் கணக்கு மென்பொருளும் புதியதில் ஒழுங்காக இயங்குகின்றன என்று கண்டபின் பழையதை விட்டுவிடலாம்.

வேறு காரணங்கள் சிலவும் சொல்லப்படுவதுண்டு; அவை ஆராய்ந்தால் நிற்பதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய வினாத்தாள்களுக்காகப் பழைய விண்டோஸ் வேண்டும் என்பர் சிலர். வேண்டியதில்லை. அந்த எழுத்துருக் கோப்பை விண்டோஸ் 11இல் நிறுவிக்கொண்டால் அவை முன்போலவே தெரியும். தொண்ணூறுகளில் எழுதப்பட்ட 16 பிட் மென்பொருள்களைப் பற்றிக் கேட்போர்க்கு மறுமொழி வேறு. அவை 64 பிட் விண்டோஸ் எதிலும் இயங்கமாட்டா. விண்டோஸ் 11க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் விண்டோஸை அதன் பக்கத்திலே நிறுத்தலாமெனில், யூ.இ.எப்.ஐ. என்னும் இக்கால 64 பிட் தொடக்க முறை அதனை எழுப்பாது. இவர்களுக்கு ஏற்றது மெய்நிகர் இயந்திரம். வேர்ச்சுவல் பொக்ஸ் போன்ற மென்பொருளினுள்ளே, கணினிக்குள் ஒரு கணினியாகப் பழைய விண்டோஸை இயக்கலாம். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர் இதனைக் கவனித்தல் நன்று: ஐ.பி.எம். நிறுவனம் 1972இல் அறிவித்த வி.எம்./370 என்னும் முறைமை, ஒரே பெருங்கணினியில் பல பணிசெயல் முறைமைகளை ஒரே வேளையில் இயங்கச் செய்தது. இன்று நமது மேசைமேல் நடப்பது அதன் வழிவந்ததே.

புதியதை ஏற்கக்கூடிய தகுதி கணினிக்கு உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு, 4 ஜிகாபைட் நினைவகம், 64 ஜிகாபைட் வட்டிடம் ஆகியன குறைந்தபட்சம் தேவை. இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். தகுதியில்லாத கணினியில் விண்டோஸ் 10க்குப் பக்கத்திலே லினக்ஸை வைத்துக்கொள்வோரும் உளர். அவர்கள் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பிசகி நிற்பதைக் கண்டு மின்கலம் பழுதென்று எண்ண வேண்டாம். லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தை உலகப் பொதுநேரமாகக் கொள்கின்றது. விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமாகக் கொள்கின்றது. வேறொன்றுமில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் வட்டிலுள்ள படங்களையும் கோப்புகளையும் வெளியேயுள்ள வேறொரு வட்டிலே பிரதி செய்து, அவை திறக்கின்றனவா என்று இன்னொரு கணினியிற் பார்க்க வேண்டும். இதனைச் செய்யாது மேலே செல்வோர்க்கு நாம் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

அடுத்து, விண்டோஸ் 10இன் வட்டு முகாமைத்துவப் பகுதியிலே அதன் வட்டுப் பிரிவைச் சுருக்கி, வெற்றிடம் உண்டாக்க வேண்டும். 64 ஜிகாபைட் என்பது விதிக்கு. வாழ்க்கைக்கு 100 ஜிகாபைட்டாவது விடுவதே நல்லது. பின்பு பென் டிரைவிலிருந்து நிறுவலைத் தொடங்கும்போது, இருப்பதை மேம்படுத்தும் தெரிவை விலக்கி, புதிதாக நிறுவும் தெரிவை எடுத்து, அந்த வெற்றிடத்தையே காட்ட வேண்டும். மேம்படுத்துவதைத் தெரிந்தால் பழைய வீட்டை இடித்து அந்த நிலத்திலேயே புதியதைக் கட்டியதாகிவிடும். பழைய எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்ட வட்டாயின், முதலிலேயே ஜி.பி.ரி. முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கான கருவி 2017 முதல் விண்டோஸ் 10இலேயே உண்டு. ஒவ்வொரு நிறுவலுக்கும் உரிய உரிமம் வேண்டுமென்பதையும் மறத்தலாகாது.

நிறுவி முடிந்தபின் படலையில் இரு பெயர்கள் தெரியும். முப்பது விநாடி காத்திருந்தும் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், இயல்பாகக் குறிக்கப்பட்ட ஒன்றினுள்ளே கணினி தானே போய்விடும்.

இங்கேதான் குடும்பங்கள் ஏமாறும் இடம் வருகின்றது. பென் டிரைவிலிருந்து நிறுவிய விண்டோஸ் ஒவ்வொன்றும் தான் இருக்கும் பிரிவையே ‘சி’ என்று அழைக்கும். பத்தினுள் இருக்கும்போது பத்து ‘சி’. பதினொன்று ‘டி’யோ ‘ஈ’யோ ஆகும். பதினொன்றினுள் போனால் அந்தப் பெயர்கள் மாறிவிடும். ‘டி’யில் ஒன்றுமில்லை, அழித்துவிடு என்று ஒருவர் சொல்ல, வேறு வீட்டினுள்ளே நின்று மற்றொருவர் அழித்தால் என்னவாகும்? எழுத்தை நம்பாமல் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ‘பத்து’, ‘பதினொன்று’, ‘பொது’ என்று பெயரிட்டுவிடுதல் வேண்டும். அப்பெயர் அந்தப் பிரிவிலேயே எழுதப்படுவதால் எங்கே நின்று பார்த்தாலும் மாறாது.

‘பொது’ என்று நாம் குறித்தது பங்குக் கிணற்றைப் போன்றது. மென்பொருளை அந்தந்த வீட்டில் தனித்தனியே நிறுவ வேண்டும். கோப்புகளையோ ஒரே பிரிவில் வைத்து இரண்டிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் பங்குக் கிணற்றிலே வழக்கு வருவது நமது ஊரில் எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இங்கே வழக்குக்குக் காரணம் 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த விரைவுத் தொடக்கம் என்னும் வசதி. கணினியை நிறுத்திவிட்டோம் என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் முறைமையின் கருப்பகுதி தன் நினைவை வட்டிலே எழுதிவைத்துவிட்டு உறங்கச் செல்கின்றது. அந்த வேளையில் மற்ற விண்டோஸைத் தொடங்கிப் பொதுப் பிரிவிலே புதிய கோப்பு ஒன்றை எழுதுகின்றோம். மறுநாள் முதலாவது விழித்தெழுந்து, தான் உறங்குமுன் கண்ட பழைய இடாப்பையே மெய்யென்று கொண்டு அதன்மேல் எழுதுகின்றது. இரவெல்லாம் எழுதிய கட்டுரை காணாமற்போவது இவ்வாறுதான். வட்டில் பிழையில்லை, பிள்ளையிலும் பிழையில்லை. இரண்டு விண்டோஸிலும் மின்வலுத் தெரிவுகளுக்குள்ளே சென்று இவ்வசதியை நிறுத்திவிட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது, நிறுத்தும் கட்டளையைவிட மீளத் தொடங்கும் கட்டளையே பாதுகாப்பானது. அதில் அரைகுறை உறக்கம் இல்லை.

புதிய விண்டோஸ், மைக்ரோசொப்ட் கணக்கோடு நிறுவும்போது, கேளாமலே வட்டை மறையீடு செய்துவிடுதலும் உண்டு. பின்னொருநாள் 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அதனைக் கணினிக்கு வெளியே, ஒரு கொப்பியில் எழுதி வைப்பதே மேல்.

திருத்தம் நின்றுபோன பழைய வீட்டை இணையத்தோடு இணைத்து வைத்தல் ஆகாது. 2017 மே 12இல் வன்னாகிரை என்னும் தீநிரல் பரவிப் பிரித்தானிய மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அதனைத் தடுக்கும் திருத்தம் மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. திருத்தம் இருந்தும் போடாதவர்க்கே அக்கதி. திருத்தமே வராத ஒன்றைப் பற்றிக் கேட்பானேன்? அன்றியும், மறையீடு செய்யப்படாத வட்டில் பழைய வீட்டினுள் நுழைந்த கள்ளனுக்கு வேலி தடையாகாது. புதிய வீட்டின் கோப்புகளும் அவன் கைக்கு எட்டும். பழையதினுள் நின்று வலையமைப்பு இணைப்பை முடக்கினால் போதும். அது புதியதைப் பாதிக்காது.

பரீட்சை முடிந்து, எல்லாம் புதியதில் ஒழுங்கான பின், பதினொன்றினுள் நின்றுகொண்டே பத்தின் பிரிவை அழித்து, தொடக்கப் பட்டியலிலிருந்தும் அதன் பெயரை நீக்கலாம். பெரும்பாலும் 100 மெகாபைட் அளவில், எழுத்துப் பெயரில்லாமல் இருக்கும் சிறு பிரிவைத் தொடவே கூடாது. படலை அதுதான். அழித்ததால் வந்த வெற்றிடத்தைப் பதினொன்றோடு சேர்க்க விண்டோஸின் சொந்தக் கருவி உடன்படாது. அது ஒரு பிரிவைத் தனக்கு வலப்புறமாக அடுத்துள்ள வெற்றிடத்துக்குள் மாத்திரமே நீட்டும். இந்த வெற்றிடமோ இடப்புறத்தில் இருக்கும். வருந்த வேண்டியதில்லை, அதனைப் படங்களுக்கும் பாடக் குறிப்புகளுக்குமான தனிப்பிரிவாக வைத்துக்கொள்ளலாம்.