மால்டாவின் தாகம்

மத்தியதரைக் கடல் தட்பவெப்பம் என்றதும் திராட்சைக் கொடியையும் இளவெயிலையும் வருணிப்பது நம் பாடநூல்களின் வழக்கம். அவ்வருணனையை நான் ஏற்பதற்கில்லை.

மால்டாவைப் பாருங்கள். பரப்பு 316 சதுர கிலோமீட்டர். உயர்ந்த மேடே 253 மீட்டர்தான். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 550 மில்லிமீட்டர். அதுவும் பயிர் வாடும் கோடையில் எட்டிப் பாராது, குளிர்காலத்தில் கொட்டித் தீர்த்துவிடும்! சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கும் அந்நீர், கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் மேலேறும். இறைத்தார்கள், ஏறியது.

1982-இல் கார் லாப்சியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எழுந்தது. இன்று குழாய்நீரில் பாதிக்குமேல் கடல் தந்ததே. அருஞ்சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆலை ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கோ கப்பலில் வரும் எரிவாயுவையும், சிசிலியிலிருந்து கடலடியில் வரும் மின்வடத்தையும் நம்ப வேண்டும்.

16-ஆம் நூற்றாண்டில் வாலெட்டா நகரைக் கட்டிய செயின்ட் ஜான் வீரர்கள், வீட்டுக்கொரு மழைநீர்த் தொட்டி வெட்டியே தீரவேண்டும் என்று விதித்தார்கள். என் வாக்கு அவர்களுக்கே. ஆலைகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை அத்தகைய தொட்டிகளுக்குத் தந்தால் என்ன? புவியியல் துறை நண்பர்கள் மறுப்பு எழுதினால் மகிழ்வேன்.