மானியத்தில் வந்த இயந்திரம் மாட்டுக் கொட்டகையில் கிடப்பதேன்?

களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை என்ற குரல் கேட்காத கிராமம் இன்று இல்லை. பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்பானாலும் சரி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பானாலும் சரி, தோளில் மாட்டிக்கொண்டு புல்லும் புதரும் வெட்டும் பெட்ரோல் இயந்திரம் வந்துவிட்டது. பிரஷ் கட்டர், பவர் வீடர், விசைத் தெளிப்பான், மரம் அறுக்கும் செயின் சா என்று வகைகள் பல. 2014-15ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், கருவிக்கும் விவசாயிக்கும் ஏற்ப 40 முதல் 50 சதவீதம் வரை மானியம் என்று வகை செய்யப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே.

ஆனால் அப்படி வாங்கிய இயந்திரம் மூன்றாம் ஆண்டிலும் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இழுக்கும் கயிறு அறுந்து, டேங்கில் பழைய பெட்ரோல் காய்ந்து, மாட்டுக் கொட்டகை மூலையில் சாய்த்து வைத்த கருவிகளைப் பல ஊர்களில் காணலாம். ஐப்பசி மழைக்குப் பின் களை மளமளவென்று எழும். அந்த நேரத்தில் இயந்திரம் பட்டறையில் பதினைந்து நாள் கிடந்தால், களை பூத்து விதையும் கொட்டிவிடும். மானியம் போக மீதிப் பணத்துக்கு வாங்கிய கடனோ அப்படியே நிற்கும். எனவே, மானியம் வழங்குவதோடு பழுது பார்க்கும் வசதியையும் அரசு சேர்த்தே தர வேண்டும்.

மோட்டாருக்கு உண்டு, இதற்கு இல்லை

கிணற்று மேட்டுக்கு ஆயில் எஞ்சினும், பின்னர் மின் மோட்டாரும் வந்தபோது அவற்றைப் பழுது பார்ப்பவர்களும் கூடவே வந்தார்கள். மோட்டார் புகைந்துவிட்டால் காயில் கட்டித் தரச் சந்தை கூடும் ஊர்களில் பட்டறை உண்டு. வேண்டிய சாமானும் பக்கத்திலேயே கிடைக்கும். அதனால்தான் இருபது ஆண்டுப் பழைய மோட்டாரும் இன்று தண்ணீர் இறைக்கிறது.

சிறு பெட்ரோல் எஞ்சினுக்கு அப்படி ஓர் ஏற்பாடு வளரவில்லை. டூ வீலர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், "இது நமக்குப் பழக்கமில்லைங்க" என்று கையை விரிக்கிறார். விற்ற கடையிலோ, "அந்தக் கம்பெனி சாமான் இப்போது வருவதில்லை" என்று சொல்லிப் புது இயந்திரத்தைக் காட்டுகிறார்கள். மலிவு விலை பிரஷ் கட்டர்கள் பலவற்றில் மேலே ஒட்டிய பெயர்தான் வேறு வேறு. உள்ளே இருப்பது ஒரே மாதிரியான 43 அல்லது 52 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஒன்றின் கார்ப்பரேட்டரும் பிஸ்டனும் பெரும்பாலும் மற்றொன்றுக்குப் பொருந்தும். இதைத் தெரிந்த ஒரு மெக்கானிக் ஒன்றியத்துக்கு ஒருவர் இருந்தாலே பாதி இயந்திரங்கள் கொட்டகையை விட்டு வெளியே வந்துவிடும்.

பெட்ரோலில் தொடங்கும் பழுது

பட்டறைக்கு வரும் பழுதுகள் பலவும் பெரிய பழுதுகளே அல்ல. பருவம் முடிந்ததும் டேங்கில் பெட்ரோலோடு இயந்திரத்தை மூலையில் வைத்துவிடுகிறோம். கார்ப்பரேட்டரில் தங்கிய பெட்ரோல் காய்ந்து பிசின் போல ஒட்டி, ஊசிக்கண் அளவே உள்ள ஜெட்டை அடைத்துக்கொள்கிறது. அடுத்த பருவத்தில் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் கிளம்பாது.

இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியே பிரிந்து நிற்கும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் முனை இருப்பதும் அடியில்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயவு தரும் ஆயிலோ மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். ஆயில் இல்லாமல் ஓடும் பிஸ்டன் சூடேறி, சிலிண்டரைக் கீறி இறுகிவிடும். எத்தனாலைத் தாங்காத ரப்பர் குழாயும் டயாபிரமும் கெட்டுப்போகும். 10 சதவீத எத்தனால் வரைதான் ஏற்கும் என்று பல சிறு எஞ்சின்களின் கையேடுகளே சொல்கின்றன. ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்தக் கையேட்டை நம் விவசாயி எப்படிப் படிப்பார்?

ஆகவே பெட்ரோலைத் தேவைக்கு மட்டும் வாங்கி, ஓரிரு வாரங்களில் தீர்த்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வைப்பது நல்லது.

ஆயில் கலப்பதிலும் கவனம் தேவை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கலவை 1:50 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், 1:25 என்றால் 40 மி.லி. கண்ணளவில் ஊற்றக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலை மட்டும் ஊற்ற வேண்டும். ஆயில் ஊற்றத் தனி இடம் உண்டு. 35 சி.சி. எஞ்சின் ஒன்றில் நிற்பதே சுமார் 100 மி.லி. ஆயில்தான் என்பதால், தினமும் அளவு பார்த்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் கேன்களின் மேல் பெயின்டால் எழுதி வைப்பது உத்தமம்.

புழுதியில் ஓட்டினால் அன்றாடம் ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இழுவை குறைந்தால் பிளக்கையும், சைலன்சர் வாயிலுள்ள சிறு வலையில் படிந்த கரியையும் முதலில் பார்க்க வேண்டும். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைத்து ஒருபோதும் மாட்டக் கூடாது. சுழலும் வேகத்தில் அது தெறித்தால் காலோ கண்ணோ போய்விடும்.

அரசு செய்ய வேண்டியது

"விவசாயிகள் பராமரிப்பதில்லை, அதனால்தான் கெடுகிறது" என்று அதிகாரிகளும் விற்பனையாளர்களும் சொல்வதுண்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லிக் கொடுத்தவர் யார்? இயந்திரத்தைக் கையில் கொடுத்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டால் பராமரிப்பு எப்படித் தெரியும்?

முதலாவதாக, மானியப் பட்டியலில் இடம்பெறும் கம்பெனி எதுவானாலும், வட்டத்துக்கு ஒரு சர்வீஸ் இடமும், ஐந்தாண்டுக்கு உதிரி பாகமும் தர ஒப்புக்கொள்ள வேண்டும். மானியத்தில் ஒரு சிறு பகுதியை நிறுத்தி வைத்து, முதலாண்டு சர்வீஸ் முடிந்ததாக விவசாயி கையெழுத்திட்ட பிறகே விற்பனையாளருக்கு விடுவிக்கலாம்.

இரண்டாவதாக, ஒன்றியத்துக்கு இரண்டு டூ வீலர் மெக்கானிக்குகளைத் தேர்ந்து, சிறு எஞ்சின் வேலையைக் கற்பிக்க வேண்டும். தென் மாநிலங்களுக்கான மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் ஆந்திராவில் அனந்தபுரம் பக்கம் கார்லதின்னையில் இருக்கிறது. பட்டறையைப் பூட்டிவிட்டு நம் ஊர் மெக்கானிக் அவ்வளவு தூரம் போய்த் தங்க இயலாது. அருகிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்திலேயே, பருவம் ஓய்ந்த சித்திரை, வைகாசியில் பத்து நாள் வகுப்பு நடத்தினால் போதும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு இயந்திரத்தோடும் படம் போட்ட தமிழ்க் கையேடு கட்டாயமாக வர வேண்டும்.

இனி பேட்டரிக் கருவிகள் வந்துவிடும், இந்தக் கவலை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பேட்டரியும் மோட்டாரும் கெடாதவையா? அவற்றுக்கும் நாளை இதே மெக்கானிக்தான் வேண்டும்.

உழவர் பெருமக்களும் கருவி வாங்கும் முன், "கெட்டுப்போனால் எங்கே பழுது பார்ப்பது, சாமான் எங்கே கிடைக்கும்?" என்று கடைக்காரரிடம் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை வரும் பருவத்துக்கு முன்பாவது இதில் ஆவன செய்யுமா?