பாகூருக்கும் வில்லியனூருக்கும் கிராம நியாயாலயம் வேண்டும்

சிறு தொகைக்கான ஒப்பந்த வழக்குகளை விசாரிக்க புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் கிராம நியாயாலயம் அமைக்கப்பட வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

நெல் வாங்கிய வியாபாரி பாக்கி வைக்கிறார். முன்பணம் வாங்கிய மேஸ்திரி கடைக்காலோடு நின்றுவிடுகிறார். கையில் புரோநோட்டு இருந்தும் பலர் வழக்குப் போடுவதில்லை. வரவேண்டியது நாற்பதாயிரம் என்றால், வக்கீல் கட்டணமும் வாய்தாவுக்கு அலைந்து இழக்கும் கூலியுமே அதைத் தின்றுவிடும்.

நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு பிரான்சில் உறவு உண்டு. 1954 வரை இங்கும் பிரெஞ்சு ஆட்சிதான். அதனால் அந்நாட்டோடு ஒப்பிடுகிறோம். உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஓர் ஒப்பந்தத்தை நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற பிரான்சில் 447 நாள் ஆகும். செலவு, கேட்கும் தொகையில் 17.4 விழுக்காடு. இந்தியாவில் 1,445 நாள், 31 விழுக்காடு. தரவுகளில் முறைகேடு தெரியவந்ததால் 2021இல் உலக வங்கி அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டது. ஆகவே இந்த எண்களை நாங்கள் வேதவாக்காகக் கொள்ளவில்லை. தவிர, இந்தியாவுக்கான எண்கள் டெல்லி, மும்பை நிலவரம். கணக்கில் எடுத்ததோ குறைந்தது 5,000 டாலர் மதிப்புள்ள வழக்கு. தொகை சிறுத்தாலும் செலவு அதே அளவில் சிறுப்பதில்லை. எனவே பாகூர் விவசாயியின் சுமை அந்த 31 விழுக்காட்டையும் தாண்டும் என்றே கருதுகிறோம்.

பிரான்சில் 5,000 யூரோவுக்கு உட்பட்ட பண வழக்குகளில் பொதுவாக முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும். அதற்கென உள்ள சமரசர் கட்டணம் வாங்குவதில்லை. இதற்கு ஈடான வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் கிராம நியாயாலயச் சட்டப்படி மனுக் கட்டணம் 100 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும். நீதிபதி முதலில் இரு தரப்பையும் சமரசப்படுத்தப் பார்க்க வேண்டும். இயன்றவரை விசாரணையும் தீர்ப்பும் ஆங்கிலம் அல்லாத மாநில ஆட்சிமொழியில், நமக்குத் தமிழில், இருக்க வேண்டும். வணிகக் கொடுக்கல் வாங்கல், கடன், கூட்டுச் சாகுபடித் தகராறு எல்லாம் அதன் வரம்புக்குள் வருகின்றன.

புதுச்சேரி நகரம் பக்கம்தானே, தனி நீதிமன்றம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பேருந்துக் கட்டணம் பெரிதல்ல. அறுவடை நாளில் வயலை விட்டு வாய்தாவுக்குப் போவதுதான் இழப்பு. சட்டப்படி கிராம நீதிபதி ஊருக்கே வந்து விசாரிக்கலாம்.

தீர்ப்பு வந்த பிறகும் பணம் கைக்கு வர நிறைவேற்று மனு போட வேண்டும். தமிழ்நாட்டில் 1980களில் தொடுத்த நிலக் கிரய ஒப்பந்த வழக்கொன்று நிறைவேற்றத்தில் சிக்கி, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வரை போனது. அத்தகைய மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க நீதிமன்றம் அப்போது உத்தரவிட்டது. அந்தக் கெடு நம் கொம்யூன்களின் நாற்பதாயிரம் ரூபாய் வழக்குக்கும் பொருந்த வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்தைக் கலந்து கிராம நியாயாலயம் அமைக்கும் அறிவிக்கையை வெளியிடும் அதிகாரம் புதுச்சேரி நிர்வாகத்திடம் உள்ளது. அடுத்த சம்பா அறுவடைக்குள் அதை வெளியிடக் கோருகிறோம்.