நீர்மேல் குடியிருப்போர்: பிரிட்டன் சுற்றுச்சூழல் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய இராச்சியத்தின் சுற்றுச்சூழல், உணவு, ஊரக விவகாரங்கள் துறை அமைச்சர் அவர்களுக்கு,

கால்வாய்ப் படகும் ஒரு குடியிருப்பே என்பதைப் பிரிட்டன் நாடாளுமன்றம் 1877ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. குடியிருப்பாகப் பயன்படும் கால்வாய்ப் படகுகளைப் பதிவுசெய்து முறைப்படுத்துவதற்கென்றே அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டம், சரக்குப் படகுகளின் சிற்றறைகளில் குடும்பத்தோடு வாழ்ந்த தொழிலாளரை மனத்திற்கொண்டு, ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம், காற்றோட்டமும் தூய்மையும் எவ்வாறு இருக்க வேண்டும் என்பவற்றுக்கு விதி வகுக்க வழிசெய்தது. அதில் பரிவைவிடக் கண்காணிப்பே மிகுதி என்று குறைகூற இடமுண்டு என்றாலும், படகுக்குள் ஒரு குடும்பம் இருப்பதை அது மறக்கவில்லை. இன்று அதே கால்வாய்களில் படகு உரிமத்தை ஆளும் 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிகள் சட்டமோ படகின் நகர்வை அளக்கிறதே தவிர, அதற்குள் வாழ்பவரைக் கணக்கில் கொள்வதில்லை.

அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, உரிமம் கோருபவருக்கு இரண்டு வழிகளைத் தருகிறது: படகை நிரந்தரமாகக் கட்டிவைப்பதற்கான நிலைத்துறை ஒன்று இருப்பதைக் காட்ட வேண்டும், அல்லது எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாள்களுக்கு மேலோ, சூழ்நிலைக்கு நியாயமான கூடுதல் காலத்திற்கு மேலோ தங்காமல், உரிமக் காலம் முழுவதும் மெய்யாகவே பயணத்தில் இருக்க வேண்டும். லண்டனில் வாடகை தாங்காமல் படகுக்கு வந்தவர்களுக்கு நிலைத்துறைக் கட்டணமும் எட்டாததால், அவர்களுள் பலர் இரண்டாம் வழியைப் பின்பற்றும் தொடர்பயணிகளாகவே இருக்கின்றனர். ஆனால் ‘இடம்’ என்பதன் எல்லை எது, எவ்வளவு தொலைவு நகர்ந்தால் போதும் என்று சட்டம் கூறவில்லை. இந்நீர்வழிகளை 2012 முதல் நிர்வகித்து வரும் கால்வாய் மற்றும் ஆற்று அறக்கட்டளை, உரிமக் காலத்தில் ஏறத்தாழ 20 மைலுக்கும் குறைவான எல்லைக்குள்ளேயே சுற்றிவருபவரின் பயணத்தை ஏற்பது அரிது என்று தன் வழிகாட்டலில் கூறியது. பள்ளி செல்லும் குழந்தையுள்ள குடும்பத்திற்கு இந்த அளவு என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

படகு வாழ்க்கை மலிவானது, கவலையற்றது என்ற எண்ணமும் சீர்தூக்கிப் பார்க்கத்தக்கது. நேரோபோட் எனப்படும் ஒடுங்கிய படகின் அகலம் 7 அடிக்குள் அடங்குகிறது. நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் ‘லாக்’ எனும் மதகுத்தொட்டிகளை 18ஆம் நூற்றாண்டினர் அந்த அளவிலேயே கட்டியதே இதற்குக் காரணம். அந்த அகலத்திற்குள்தான் சமையலும் படுக்கையும் விறகு, நிலக்கரி அடுப்பும் அமைகின்றன. குளிர்காலத்தில் சன்னல்களின் உட்புறம் நீர் கோத்து வழிகிறது. கரியமில வாயுவைவிடக் கொடியதான கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கக்கூடும் என்பதால் அதற்கான எச்சரிக்கைக் கருவி 2019 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மேற்கூரையின் சூரியத் தகடுகள் டிசம்பரில் போதிய மின்சாரம் தராதபோது மின்கலங்களை நிரப்ப எஞ்சினை ஓட்டியாக வேண்டும். அதையும் இரவு 8 மணிக்குள் நிறுத்திவிட வேண்டும். குடிநீர்த் தொட்டி கரையோரக் குழாயில் நிரம்புகிறது. கழிப்பறையின் கழிவுக்கலம் சில நாள்களிலேயே நிரம்பிவிட, அதை ‘எல்சான்’ எனப்படும் கொட்டுமிடத்திற்குக் கையில் தூக்கிச் செல்ல வேண்டும். அவ்விடம் பழுதடைந்திருந்தாலோ, இடையிலுள்ள மதகுத்தொட்டி குளிர்காலப் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் மூடப்பட்டிருந்தாலோ, அடுத்த கொட்டுமிடம் எட்டாத தொலைவாகிவிடுகிறது. நாள்காட்டிப் படங்களில் புகைபோக்கி இடம்பெறும், கழிவுக்கலம் இடம்பெறுவதில்லை.

முகவரியின்மை இவற்றினும் நுட்பமான சிக்கல். தொடர்பயணி ஓர் ஊரோடு தமக்குள்ள தொடர்பை அறிவித்து வாக்காளராகப் பதிவுசெய்யலாம் என்பதால், அரசு விரும்பினால் வழி காண முடியும் என்பது தெளிவு. எனினும் 2022–23 குளிர்காலத்தில் வீடுகளுக்கு வழங்கப்பட்ட 400 பவுண்டு எரிசக்தி உதவி, தொடர்பயணிகளைப் பெரும்பாலும் எட்டாமற்போனது.

இந்நிலையில் 2024 ஏப்ரல் முதல் தொடர்பயணிகளின் உரிமத்தின்மீது அறக்கட்டளையால் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டு, அது படிப்படியாக 2028இல் 25 விழுக்காட்டை எட்டுமாறு திட்டமிடப்பட்டது. நீர்வழியை மிகுதியாகப் பயன்படுத்துபவர் மிகுதியாகச் செலுத்தட்டும் என்ற வாதம் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆனால் அறக்கட்டளையின் நிதி நெருக்கடிக்குத் தங்கள் துறையின் முடிவும் ஒரு காரணம்: 2027 முதல் பத்தாண்டுகளுக்கு 401 மில்லியன் பவுண்டு என 2023இல் அறிவிக்கப்பட்ட மானியம் ஆண்டுதோறும் 5 விழுக்காடு குறைந்துகொண்டே செல்வது. அரசு கைவிடும் தொகையின் ஒரு பகுதியை, வீட்டுச் சந்தையால் நீருக்குத் தள்ளப்பட்டவர்களிடமிருந்து ஈடுசெய்வது முறையாகாது.

ஆகவே ‘இடம்’, ‘நியாயமான கூடுதல் காலம்’ ஆகிய இரண்டையும் பள்ளி, மகப்பேறு, நோய் முதலியவற்றைக் கருதிச் சட்டத்திலேயே வரையறுக்கவும், கூடுதல் கட்டணம் நீடிக்கும்வரை அதன் வருவாயைக் குடிநீர்க் குழாய்களுக்கும் கழிவு கொட்டுமிடங்களுக்கும் முதலில் ஒதுக்க அறக்கட்டளையோடு உடன்பாடு காணவும் தாங்கள் முன்வர வேண்டும். படகில் வாழ்வோரின் தேவைகளையும் ஆராயுமாறு 2016ஆம் ஆண்டின் வீட்டுவசதி மற்றும் திட்டமிடல் சட்டம் உள்ளாட்சிகளைப் பணித்துள்ளது. கால்வாய் செல்லும் பகுதிகளின் உள்ளாட்சிகள் அதை எந்த அளவுக்கு நிறைவேற்றியுள்ளன என்பதை, வீட்டுவசதி அமைச்சகத்துடன் இணைந்து தங்கள் துறை கேட்டறிந்து, பெறும் விடைகளை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.